வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் எழுதி வைக்கிறீங்க?

தோவாளைக்காரி | ஞாயிறு, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை வாசிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதுறேன்.

மூத்தவனுக்கு 12 நடக்குது, சின்னவளுக்கு 9. போன ஜூன்ல இருந்து ரெண்டு பேரும் வீட்டிலதான் படிக்கிறாங்க. ஏன் நிறுத்தினோம்னு கேட்டா பெரிய கதை. ஆறே முக்காலுக்கு வேன், சாயங்காலம் ட்யூஷன், ராத்திரி எட்டுக்கு வீடு. ஒருநாள் மூத்தவன் சோத்துத் தட்டு முன்னாலேயே உக்காந்து தூங்கிட்டான். அன்னைக்கு அவங்க அப்பா முடிவு எடுத்தாரு.

இப்ப ஒரு வருஷம் முடிஞ்சுட்டு. ஒரு அரிசிச் சாக்கு நிறைய காகிதம் கிடக்கு. படம், கணக்கு, பாதி எழுதின கதை, எல்லாம் கலந்து. அது போக நான் ஒரு நோட்டு போட்டு மணிக்கணக்கு எழுதிட்டு வந்தேன். கல்வி உரிமைச் சட்டத்துல 5ஆம் வகுப்பு வரை வருஷத்துக்கு 800 மணி நேரம், 6 முதல் 8 வரை 1000 மணி நேரம்னு எங்கேயோ வாசிச்சதுல பயம் பிடிச்சுட்டு. "9 முதல் 10 கணிதம், 10 முதல் 11 அறிவியல்" அப்படின்னு தினமும். உண்மையைச் சொன்னா அதுல பாதி பொய். 9 மணிக்கு அவங்க அப்பாகூட பூச்சந்தையில நின்னுட்டு இருந்திருப்பாங்க.

மே மாசம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஒரு டீச்சர் வந்தாங்க. கை நடுங்குது எனக்கு. அந்த மணிக்கணக்கு நோட்டை எடுத்து நீட்டினேன். ரெண்டு பக்கம் புரட்டிட்டு மூடிட்டாங்க. சின்னவளை வாசிக்கச் சொன்னாங்க, வாசிச்சா. "வேற என்ன செய்வ?"ன்னு கேட்டதுக்கு அவ ஓடிப்போய் ஒரு முழம் மாணிக்கமாலை கொண்டு வந்தா. எங்க வீட்டுல மாலை கட்டுறதுதான் தொழில். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நடுவுல பச்சைக்கு நொச்சி இலை. பாய் முடையுற மாதிரி மடிச்சு மடிச்சுக் கட்டணும். கட்டம் ஒண்ணு பிசகினா மொத்தமும் கோணும். அவளே ஒரு புது கட்டம் யோசிச்சுக் கட்டியிருந்தா. டீச்சர் அதைத் திருப்பித் திருப்பி ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் என்னைப் பாத்து, "இதை எங்கம்மா எழுதி வச்சிருக்கீங்க?"ன்னாங்க.

எங்கேயும் எழுதலை. அந்த நோட்டுல அன்னைக்கு "கணிதம், 1 மணி"ன்னுதான் இருக்கு.

நீங்க எல்லாம் எப்படி எழுதி வைக்கிறீங்க? சாக்கை என்ன செய்ய?

மார்த்தாண்டம்_ஜங்ஷன் | ஞாயிறு, இரவு 10.05

தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. 2011 கணக்கெடுப்புல 91.75 சதவீதம், தமிழ்நாட்டுலேயே எழுத்தறிவுல முதல் மாவட்டம் நம்ம குமரி. இங்க ஒரு பிள்ளையைப் பாத்தா பேரு கேக்கிறதுக்கு முன்ன "எந்த ஸ்கூல்?"னு கேப்பானுவ. கல்யாண வீடு, கோயில் கொடை, பஸ் ஸ்டாப்பு, எல்லா இடத்துலயும். உங்க பிள்ளை என்ன பதில் சொல்லும்? முதல்ல அதுக்கு வழி பாருங்க, நோட்டு அப்புறம்.

தோவாளைக்காரி | ஞாயிறு, இரவு 10.12

சின்னவ "எங்க ஸ்கூல் பேரு அடுக்களை"ன்னு சொல்லுவா தம்பி. கேட்டவங்க அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.

ரப்பர்தோட்டம் | திங்கள், காலை 5.30

தோவாளை அக்கா, சாக்கைத் தூக்கிப் போட்டுராதீங்க. நான் குலசேகரம் பக்கம். மூணு பிள்ளைங்க, ஏழாவது வருஷம் ஓடுது. நானும் முதல் வருஷம் அந்த மணிக்கணக்கு நோட்டு எழுதினவதான். அந்த 800, 1000 எல்லாம் பள்ளிக்கூடம் எத்தனை நாள் நடக்கணும், எத்தனை மணி நேரம் பாடம் நடக்கணும்னு பள்ளிக்கூடத்துக்குப் போட்ட கணக்கு. நாப்பது பிள்ளைங்களை வச்சுகிட்டு ஒரு டீச்சர் படுற பாட்டுக்கு அத்தனை மணி வேணும். வீட்டில ஒரு பிள்ளைகூட அரை மணி நேரம் உக்காந்தாலே மூச்சு முட்டிரும்.

நான் இப்ப செய்றது இதுதான். கோடு போட்ட நோட்டு, வருஷத்துக்கு ஒண்ணு, மூணு பேருக்கும் சேத்து. ராத்திரி பாத்திரம் கழுவினதும் அஞ்சு நிமிஷம். அன்னைக்கு நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்னு எழுத மாட்டேன். பிள்ளை என்ன செஞ்சுது, என்ன கேட்டுது, எங்க தப்பு விட்டுதுன்னு எழுதுவேன். ஒண்ணும் நடக்கலைன்னா "ஒண்ணும் இல்லை"ன்னு எழுதுவேன். வாரத்துல ஒரு நாளாவது அப்படி வரும்.

ஒரு பக்கத்தை அப்படியே தாறேன்:

"ஜூலை 9. மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. ரெண்டாமவன் பேப்பர்ல அணை நீர்மட்டம் பாத்தான். பேச்சிப்பாறை 40.4. நேத்தைக்கு 40. 'அப்போ 48 நிறைய எத்தனை நாள்?'னு கேட்டான். நான் ஒண்ணும் சொல்லலை. 7.6ஐ 0.4 ஆல் வகுக்கணும்னு அவனுக்கே தோணுச்சு. புள்ளியை எங்க போடன்னு தெரியாம முதல்ல 1.9 நாள்னான். 'ரெண்டு நாள்ல நிறஞ்சுருமா?'ன்னு அக்காக்காரி சிரிச்சா. திரும்பப் போட்டு 19 நாள்னான். காலண்டர்ல 28ஆம் தேதியை வட்டம் போட்டு வச்சிருக்கான்."

அப்புறம் 28ஆம் தேதிப் பக்கம்: "42 கூட ஆகலை. மழை நின்னுட்டு. கன்னிப்பூ நெல்லுக்கு தண்ணியும் விட்டுட்டே இருக்கானுவ. 'தினமும் ஒரே மாதிரி ஏறும்னு நினைச்சது தப்பு'ன்னு அவனே சொன்னான்."

இதுல தசம வகுத்தல் இருக்கு, சராசரி இருக்கு, பாசனம் இருக்கு. நான் எந்தப் பாடப் பேரும் எழுதலை. மூணு மாசத்துக்கு ஒரு தடவை என்சிஇஆர்டி 2017ல போட்ட கற்றல் விளைவுகள் பட்டியலை எடுத்து வச்சு, நோட்டோட ஓரத்துல பென்சிலால குறிச்சுக்குவேன். அப்பத்தான் எது விட்டுப்போச்சுன்னு தெரியும். போன தடவை பாத்தா ஆறு மாசமா ஒருத்தனும் ஒரு கடிதம் கூட எழுதலை. எல்லாம் கணக்கும் தவளையும்தான். உடனே மதுரையில இருக்கிற சித்திக்கு ஆளுக்கொரு கடிதம்.

சாக்குக்கு: மாசம் ஒண்ணுக்கு, ஒரு பிள்ளைக்கு நாலே நாலு தாள் எடுங்க. தேதி போடுங்க. நல்லா இருக்கிறதை மட்டும் எடுக்காதீங்க. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போயிட்டு வந்து என் மகள் வரைஞ்ச முதல் படத்துல பதினோரு தூண்தான் இருந்துது. அடுத்த தடவை போனப்ப எண்ணிட்டு வந்து 28 போட்டா. மூணாவது படத்துல தூண் உயரம் 115 அடின்னு எழுதி, பக்கத்துல எங்க வீட்டை அதே அளவுல வரைஞ்சிருக்கா, எறும்பு மாதிரி. மூணு தாளும் சேந்து இருந்தாத்தான் அது பதிவு. கடைசித் தாளை மட்டும் வச்சா அது வெறும் படம்.

இன்னொரு சங்கதி. நமக்கு ரெண்டு மழை. ஜூன்லயும் நனையும், ஐப்பசியிலயும் நனையும். ஜெல் பேனாவுல எழுதாதீங்க, ஈரத்துல பரவிரும். பால்பாயிண்ட்தான். எனக்கு இரண்டாம் வருஷ நோட்டு முழுசும் நீல மேகமாத்தான் இருக்கு. மூடி இறுக்கமா இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவுல, கொஞ்சம் வசம்பு போட்டு வைங்க. பூச்சி வராது.

பால் எடுக்க நேரமாச்சு. வாறேன்.

பழையவாத்தியார் | திங்கள், பகல் 11.15

அம்மா, நான் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வடசேரியில் இருக்கிறேன். வீட்டுக் கல்வி எனக்கு உடன்பாடான காரியம் அல்ல. ஆனால் நீங்கள் எடுத்த முடிவுக்குப் பின் பிள்ளைகள் நட்டப்படக் கூடாது. ஆகவே காகிதங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் சட்டம். கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை. அதன் 10ஆம் பிரிவு பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அதில் இல்லை. வீட்டுக் கல்வி என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் இல்லை; அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. அதனால் யாராவது "இது சட்டப்படி சரி" என்றாலும் நம்பாதீர்கள், "நாளைக்கே போலீஸ் வரும்" என்றாலும் நம்பாதீர்கள்.

உங்களுக்குச் சாதகமான பிரிவு 4ஆவது. பள்ளியில் இல்லாத பிள்ளை எப்போது வந்தாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். நாளை உங்களுக்கு முடியவில்லை என்றால் அருகிலுள்ள அரசுப் பள்ளிக் கதவு திறந்தே இருக்கும். நான் இருந்த காலத்தில் அப்படி வந்த பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறேன். அவர்கள் கையில் ஒரு நோட்டாவது இருந்தால் எந்த வகுப்பு ஆசிரியரிடம் விடுவது என்று முடிவு செய்ய எனக்கு எளிதாக இருந்தது.

இரண்டாவது, மாற்றுச் சான்றிதழ். வாங்கிவிட்டீர்களா? வாங்காவிட்டால் எமிஸ் என்னும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில் உங்கள் பிள்ளைகள் இன்னும் பழைய பள்ளியின் பேரிலேயே நிற்பார்கள். அங்கிருந்து பொதுத் தொகுப்புக்கு, காமன் பூல் என்பார்கள், மாற்றச் சொல்லுங்கள். எமிஸ் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, தேர்வு. மூத்த பையனுக்கு 12½ வயது நிறைந்ததும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் 8ஆம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம். முதல் முறை விண்ணப்பிப்பவர் மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ வைக்க வேண்டும். அது முடித்தால் பிறகு 10ஆம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதும் வழி இருக்கிறது. ஆனால் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிய வேண்டும். அதை விட்டுவிட்டுத் தேர்வு நேரத்தில் வந்து கண் கலங்கி நின்ற தனித்தேர்வர்கள் ஏராளம்.

நான்காவது, கொஞ்சம் கசப்பான விஷயம். நீங்களும் குலசேகரத்து அம்மாவும் எழுதியதைப் படித்தேன். பூச்சந்தை, மாலை, பால் வெட்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை குடும்பத் தொழிலில் உதவலாம், ஆனால் அது பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ இருக்க வேண்டும், ஆபத்தான வேலையாக இருக்கக் கூடாது. பள்ளிக்கே போகாத பிள்ளையின் நோட்டில் "காலை 9 மணி, பூச்சந்தை" என்று இருந்தால், பார்க்கிற அதிகாரி அதைக் கல்வி என்று வாசிப்பாரா, வேலை என்று வாசிப்பாரா? யோசியுங்கள்.

ரப்பர்தோட்டம் | திங்கள், பகல் 1.50

சார், வெட்டுக்கத்தி என் பிள்ளைங்க கையில இதுவரை கொடுத்தது இல்லை. மரத்தை எண்ணுவாங்க, ஷீட்டை எடை போடுவாங்க, அவ்வளவுதான். ஆனா நீங்க சொன்னது எனக்கு உறைச்சுது. என் நோட்டுல ஒரு இடத்துல "ஒட்டுபால் பொறுக்கினான்"னு மட்டும் எழுதியிருக்கேன், மரத்துல உறைஞ்சு ஒட்டியிருக்கிற ரப்பர் பால் அது. அன்னைக்கு அவன் ஒவ்வொரு வரிசையிலயும் எத்தனை கிராம் வந்துச்சுன்னு அட்டவணை போட்டு, சரிவுல இருக்கிற மரத்துல குறைவுன்னு கண்டுபிடிச்சான். அதை எழுதாம விட்டுட்டு பொறுக்கினதை மட்டும் எழுதியிருக்கேன்.

மார்த்தாண்டம்_ஜங்ஷன் | திங்கள், மாலை 6.20

வாத்தியார் சார் சொன்னதுதான் நான் சொல்ல வந்ததும். நாசூக்கா சொல்லிட்டாரு.

என் வீட்டுக்காரி ஜவுளிக்கடையில நிக்கிறா. காலையில 9.30 முதல் ராத்திரி 8.30. நான் கம்பி கட்டப் போறவன். எங்க பிள்ளையை வீட்டில வச்சு யாரு அணை நீர்மட்டம் எழுத? வீட்டில ஒருத்தர் சம்பளம் இல்லாம இருக்க முடிஞ்சவங்களுக்குத்தான் இது. அதை ஒத்துக்கிட்டு பேசுங்க. அரசுப் பள்ளிக்கூடத்துல 6 முதல் 12 வரை படிச்சா மருத்துவப் படிப்புல 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கு, மேல படிக்கப் போனா மாசம் ஆயிரம் ரூபாய் வருது. உங்க நோட்டுக்கு அதெல்லாம் வருமா?

தோவாளைக்காரி | திங்கள், மாலை 7.00

வராது தம்பி. அது நிஜம். நாங்க மாலை கட்டுறது வீட்டிலேயே, அதனாலதான் முடியுது. அதுவும் ஓணம் நெருங்கினா ரெண்டு வாரத்துக்கு பிள்ளைங்க பக்கம் திரும்பவே நேரம் இருக்காது, கேரளாவுக்கு அத்தனை லோடு போகும். அந்த ரெண்டு வாரத்துக்கும் கூட நான் "கணிதம் 1 மணி"ன்னு எழுதியிருக்கேன்னா பாருங்க.

வாத்தியார் சார், மூத்தவனுக்கு டிசி இருக்கு. சின்னவளுக்கு வாங்கலை. ஃபீஸ் பாக்கின்னு சொல்லி அலைய விட்டாங்க, நாங்களும் விட்டுட்டோம். ஒரு வருஷம் கழிச்சுப் போய்க் கேட்டா தருவாங்களா?

பழையவாத்தியார் | திங்கள், இரவு 8.10

நாளைக்கே எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அந்த ரசீதும் உங்களுக்கு ஒரு பதிவுதான். டிசி இல்லை என்பதற்காக வேறு பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது, சட்டத்தின் 5ஆம் பிரிவு அது. ஆனாலும் கையில் இருப்பது நல்லது. உங்கள் சாக்கில் இருக்கும் எல்லாத் தாளையும்விட அந்த ஒரு தாள் முக்கியம்.

மார்த்தாண்டம் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று 2020இல் திருத்தினார்கள். அந்தச் சான்றைத் தருவது பள்ளித் தலைமையாசிரியர். அம்மா அடுக்களையில் தமிழில்தான் சொல்லிக்கொடுத்தார் என்று எந்தத் தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுவார்?

குளச்சல்காரன் | செவ்வாய், அதிகாலை 3.45

தொழிலுக்குப் போற நேரம். சுருக்கமா சொல்லிட்டுப் போறேன்.

என் பையனுக்கு 13. பள்ளிக்கூடத்தை வெறுத்து நிறுத்தலை அண்ணாச்சி. அவனுக்கு எழுத்து நிக்க மாட்டேங்குது. ஒரே வரியை மூணு தரம் வாசிச்சா மூணு மாதிரி வரும். கற்றல் குறைபாடுன்னு நாகர்கோவில்ல டாக்டர் எழுதித் தந்தாரு. வகுப்புல மக்குன்னு உக்கார வச்சானுவ, அவன் வாயே திறக்காம ஆயிட்டான். அவனை எழுதச் சொல்லி நோட்டு போட்டா நான் அவனுக்கு இன்னொரு பள்ளிக்கூடம்தான்.

அதனால போன்ல பேச வைக்கிறேன். தினமும் ராத்திரி ரெண்டு நிமிஷம், அன்னைக்குத் தெரிஞ்சது எதையாவது சொல்லணும். ஃபைலுக்குப் பேரு தேதி. அவ்வளவுதான் எங்க பதிவு. இருநூறுக்கு மேல ஆயிட்டு. முதல் மாசத்து ஒலியில நான் கேள்வி கேக்க கேக்க அவன் "ம்", "ஆமா"ன்னு சொல்லுவான். இப்ப நிறுத்துன்னாலும் நிறுத்த மாட்டான்.

ஒண்ணு மட்டும் எழுத்துல தாறேன், அவன் பேசினபடியே:

"நம்ம மாவட்டத்துல மட்டும் ரெண்டு மீன்பிடித் தடைக்காலம் உண்டு. சின்னமுட்டத்து விசைப்படகு ஏப்ரல் 15ல நிக்கும், ஜூன் 14 வரை. அது கிழக்குக் கடல் கணக்கு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் ஜூன் 1ல நிக்கும், ஜூலை 31 வரை. அது மேற்குக் கடல் கணக்கு. ரெண்டையும் எண்ணிப் பாத்தேன், ரெண்டும் 61 நாள். ஜூன் மாசம் முதல் ரெண்டு வாரம் ரெண்டு பக்கமும் நிக்கும். அப்போ மீன் விலை ஏறணும். ஏறுச்சான்னு அம்மாகிட்ட கேட்டேன்."

வாத்தியார் சார், அவனைக் கடலுக்குக் கொண்டுபோறது இல்லை, நீங்க கேக்கறதுக்கு முன்ன சொல்லிருதேன். கரையில உக்காந்துதான் கணிச்சம் படிக்கிறான், அவங்க தாத்தாகிட்ட. கரையில இருக்கிற மலையையும் கோபுரத்தையும் நேர் சேத்து, கடலுக்குள்ள பாறை எங்க இருக்குன்னு குறிக்கிற வித்தை. ஜிபிஎஸ் வந்த பிறகு யாரும் கத்துக்கறது இல்லை. தாத்தா சொல்லச் சொல்ல அவன் ஒலிப்பதிவு பண்ணி வச்சிருக்கான். இது அவன் படிப்புக்கான பதிவா, தாத்தாவுக்கான பதிவான்னு எனக்கே தெரியலை.

பழையவாத்தியார் | செவ்வாய், காலை 7.30

அந்த மருத்துவச் சான்றை நாலு நகல் எடுத்து வையுங்கள். பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் கேட்க அது வேண்டும். ஒலிப்பதிவை போனில் மட்டும் வைக்காதீர்கள். போன் கடலில் விழும்.

உங்கள் பையன் பேசியதை இரண்டு முறை படித்தேன். அப்படி ஒரு பையன் என் வகுப்பிலும் இருந்திருப்பான். நானும் கடைசி பெஞ்சில்தான் உட்கார வைத்திருப்பேன்.

இருபதுவயசு | செவ்வாய், இரவு 9.00

நான் தக்கலை. அஞ்சாம் வகுப்போட நின்னு வீட்டில படிச்சவன். இப்ப நாகர்கோவில்ல ஒரு காலேஜ்ல ரெண்டாம் வருஷம். எல்லாரும் பெத்தவங்க பக்கம் இருந்தே பேசுறீங்க. பதிவு செய்யப்பட்ட ஆளு நான், அதனால கொஞ்சம் பேசறேன்.

திறந்தநிலைப் பள்ளி, என்ஐஓஎஸ், அதுலதான் பத்தும் பன்னிரண்டும் முடிச்சேன். பத்துக்கு 14 வயசு ஆகியிருக்கணும். பிறப்புச் சான்றிதழ் முக்கியம், எட்டாம் வகுப்புச் சான்று இல்லைன்னா "நானே படிச்சேன்"னு சுய உறுதிமொழி போதும். ஒரு தடவை பதிஞ்சா அஞ்சு வருஷம் செல்லும், ஒன்பது தடவை பரீட்சை எழுத வாய்ப்பு. நான் அறிவியல், கணக்கை முதல்லயும் மத்ததை அடுத்த அக்டோபர்லயும் எழுதினேன். டிஎம்ஏன்னு வீட்டில செஞ்சு கொடுக்கிற ஒப்படைப்புக்கு 20 சதவீதம் மார்க் உண்டு. சின்னப் பிள்ளைங்களுக்கும் மூணு, அஞ்சு, எட்டாம் வகுப்புக்குச் சமமா ஏ, பி, சி நிலைன்னு அதுலேயே இருக்கு.

ஆறு வருஷத்துல அம்மா சேத்து வச்ச நோட்டு எதையும் ஒரு ஆபீஸ்லயும் கேக்கலை. ஒண்ணைத் தவிர யாரும் புரட்டினதும் இல்லை. அந்த ஒண்ணு என் பறவை நோட்டு. தேரூர் குளத்துல எந்த மாசம் என்ன வந்துச்சுன்னு 11 வயசுல இருந்து எழுதினது. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பேரு தெரியாததுக்கு "கால் மஞ்சள், மூக்கு வளைவு". காலேஜ் சேர்க்கையப்ப ஒரு பேராசிரியை "பள்ளிக்கூடம் போகாம என்ன பண்ணின?"ன்னு கேட்டாங்க. எடுத்துக் கொடுத்தேன். அவங்க நாலாவது பக்கத்துல ஒரு தப்பைக் கண்டுபிடிச்சாங்க. அதுதான் எனக்குக் கிடைச்ச முதல் வகுப்பு.

அந்த நோட்டை அம்மா எழுதலை. நான் எழுதினது.

இன்னொண்ணு. அம்மாவுக்கு போட்டோ எடுக்கிற பழக்கம். உதயகிரிக் கோட்டையில டி லனாய் கல்லறைக்குப் போயிருந்தோம். 1741ல குளச்சல் போர்ல பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர், மார்த்தாண்ட வர்மா படைக்கே தளபதி ஆனவர். கல்லுல தமிழும் லத்தீனும் வெட்டியிருக்கும். நான் மண்டி போட்டு லத்தீன் எழுத்தை ஒவ்வொண்ணா பாத்து எழுதிட்டு இருக்கேன். "இங்க பாரு மக்களே, பாத்துச் சிரி"ன்னு அம்மா. சிரிச்சேன். அதுக்கப்புறம் விட்ட இடம் தெரியலை, பாதியிலேயே மூடிட்டேன். அந்த போட்டோ இன்னும் இருக்கு, நான் படிக்கிற மாதிரி. படிப்பு நின்ன நிமிஷம் அது.

அக்கா, அந்த மாலையைப் பத்தி நீங்க எழுதாதீங்க. அவகிட்ட நோட்டைக் கொடுங்க. அப்புறம் அவகிட்ட கேட்டுட்டு வாசிங்க.

மார்த்தாண்டம்_ஜங்ஷன் | செவ்வாய், இரவு 9.35

இது கொள்ளாம் தம்பி. என் மவ பள்ளிக்கூடம்தான் போறா. அவளுக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுக்கலாம் போலிருக்கு. அதுக்கு வீட்டில ஆள் வேண்டாம்ல.

ரப்பர்தோட்டம் | புதன், காலை 5.20

இருபதுவயசு தம்பி, நேத்து உன் பதிவை வாசிச்சுட்டு என் மூத்தவகிட்ட கேட்டேன், "நான் உன்னைப் பத்தி எழுதுறது உனக்குப் பிடிக்குமா?"ன்னு. "எனக்குத் தெரியாம நான் எப்பவோ வாசிச்சுட்டேன், ஆகஸ்ட் 14ல எழுதினது பொய்"ன்னா. போய்ப் பாத்தேன். தம்பியை அடிச்சா, அதனால கணக்கு நடக்கலைன்னு எழுதியிருக்கேன். அடிச்சது அவன் தானாம். பக்கத்துலேயே அவ பேனாவால திருத்தி கையெழுத்தும் போட்டுட்டா.

தோவாளைக்காரி | சனி, இரவு 10.30

எல்லாருக்கும் நன்றி. நாலு நாள் எழுத முடியலை, கல்யாண ஆர்டர்.

டிசிக்கு விண்ணப்பம் கொடுத்தாச்சு. முத்திரை போட மாட்டேன்னாங்க, சார் சொன்னபடி பதிவுத் தபால்ல அனுப்பிட்டேன், ரசீது டப்பாவுல இருக்கு. மூத்தவனுக்கு 12½ எப்ப நிறையுதுன்னு கணக்குப் பாத்து காலண்டர்ல வட்டம் போட்டாச்சு. அவனையே போட வச்சேன். சாக்கைப் பிரிச்சு உக்காந்து மூணு ராத்திரி ஆச்சு, ஒரு டப்பா அளவுக்குக் குறைஞ்சுட்டு. மணிக்கணக்கு நோட்டைக் கிழிக்கலை. முதல் பக்கத்துல "இதில் பாதி உண்மை இல்லை"ன்னு எழுதி அதையும் உள்ள வச்சேன்.

சின்னவளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு நாள் ஒண்ணும் எழுதலை. இன்னைக்குச் சாயங்காலம் அவளே கொண்டு வந்தா. இங்க போடலாமான்னு கேட்டேன், "அந்த டீச்சர் வாசிப்பாங்களா?"ன்னா. தெரியலைன்னேன். சரின்னுட்டா. அப்படியே போடுறேன், எழுத்துப்பிழையை மட்டும் திருத்தியிருக்கேன்:

"நான் போட்ட கட்டத்தில் ஒரு வரிக்கு ஒன்பது பூ. முதல் வரியில் நடுவில் ஒரு சிவப்பு. அடுத்த வரியில் மூன்று. அடுத்து ஐந்து. அதற்கு அடுத்து திரும்ப மூன்று, ஒன்று. ஏழு போட்டால் ஓரத்தில் வெள்ளை ஒன்றுதான் மிஞ்சும், பார்க்க அழகாக இல்லை. அப்பா ஏழு போடச் சொன்னார். நான் போடவில்லை. நொச்சி இலை பிஞ்சாக இருந்தால் மடிக்கும்போது கிழியும், முற்றியதை எடுக்க வேண்டும். டீச்சர் பார்த்த மாலை அன்றைக்கு ராத்திரியே வாடிப் போனது. அதனால் வரைந்து வைத்திருக்கிறேன்."

கீழ கலர் பென்சில்ல வரைஞ்சிருக்கா. போட்டோ எடுக்கலை.

ரப்பர்தோட்டம் | ஞாயிறு, காலை 5.40

அக்கா, கலர் பென்சில் எதிர்ப் பக்கத்துல ஒட்டும். நடுவுல ஒரு பட்டர் பேப்பர் வச்சு மூடச் சொல்லுங்க.